ஓக் மரத்தின் தாய்வழி

பிரிட்டனின் ஓக் மரங்கள் எங்கிருந்து வந்தன? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அங்கே ஓக் காடே இல்லை. அவை வந்த வழியை இலைகளே சொல்கின்றன.

இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகத்துக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. ஓக்கில் அது சுமார் 1,60,000 எழுத்துகள் நீளம். தாய் மரத்திலிருந்து மட்டுமே வரும். மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும், ஆனால் இதைக் கொண்டுபோகாது. விதை விழுந்த இடம், அல்லது ஜே பறவை விதையைப் புதைத்த இடம் வரைதான் இது நகரும்.

2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவில் 2,600க்கும் மேற்பட்ட இடங்களின் ஓக் மரங்களை ஒப்பிட்டார்கள். ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பகுதிகளில் பனிக்குத் தப்பிய மரங்கள் பின்னர் வடக்கே பரவியது தெரிந்தது. பிரிட்டனின் மரங்கள் பெரும்பாலும் ஸ்பெயின் பக்கத்து வழிவந்தவை.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. ஒரே காட்டில் நிற்கும் இரண்டு ஓக் இனங்களுக்குப் பெரும்பாலும் ஒரே வகைப் பசுங்கணிகம்! இனங்கள் தமக்குள் கலந்திருக்கின்றன. ஆகவே தம்பி தங்கைகளே, பசுங்கணிகம் சொல்வது தாய் வந்த பாதையை மட்டும். தந்தை வழியும் தெரிய, உட்கருவின் டி.என்.ஏ.யையும் படிக்க வேண்டும்.