சேர்க்கையும் இருக்கையும்

1856 ஜூன் மாதம் பம்பாய் மாகாணத்தின் தார்வாட் அரசுப் பள்ளியில் மகார் சாதிச் சிறுவன் ஒருவன் சேர்க்கை கோரினான், மறுக்கப்பட்டது. அவனைச் சேர்த்தால் பெரும்பான்மையோருக்குப் பள்ளி பயனற்றதாகிவிடும் என்பது ஜூலையில் வெளியான மாகாண அரசு ஆணையின் வாதம். வங்காள மாகாணத்தில் அவன் மறுக்கப்பட்டிருக்கமாட்டான் என 1857 ஜனவரியில் இந்திய அரசு குறிப்பிட்டது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியன என்று 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை தீர்மானித்தது.

1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு இக்கொள்கையை மீண்டும் உறுதிசெய்தது. எனினும் ‘உரிய எச்சரிக்கையோடு’ செயற்படுத்தவேண்டும் என ஓர் அடையையும் சேர்த்தது. மொழிபெயர்ப்பாளர் எளிதில் கடந்துவிடக்கூடிய தொடர்தான். கொள்கையைக் கைவிடாமலே நடைமுறையைத் தள்ளிப்போட அதுவே போதுமானதாயிற்று.

சேர்க்கை என்னும் சொல் பள்ளி வாயிலோடு நின்றுவிடுகிறது. 1900 நவம்பரில் அம்பேத்கர் சதாரா அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். மறுப்பு இல்லை. ஆயினும், வகுப்பறை மூலையில் தனியே அமர வேண்டியிருந்ததை அவரே பின்னாளில் எழுதியுள்ளார். இருக்கை ஒரு சாக்குத்துணி. பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாள் அதைத் தொடமாட்டார். ஆகவே மாலையில் அதனை வீட்டுக்கு எடுத்துச்சென்று மறுநாள் கொண்டுவருவார். குழாயைத் திறந்துவிடவும் பள்ளிச் சேவகர் வேண்டும். அவர் இல்லையெனில் தண்ணீர் இல்லை.