கரியமில வாயுவும் வெப்பமும்: சேலம், நாமக்கல் சமவெளி

காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடேறும். அந்த வாயு கல்லுக்குள் அடைபட்டிருப்பதற்குத் தமிழ்நாட்டில் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சான்று, சேலத்தின் வெள்ளைக்கல். மாக்னசைட் என்னும் இந்தக் கனிமம் நகருக்கு வடமேற்கே, கருப்பூரை ஒட்டிய கரடுகளில் கிடைக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த டுனைட் பாறையில் மக்னீசியம் மிகுதி. அதன் வெடிப்புகளில் கரியமில வாயு கரைந்த நீர் இறங்க, வாயுவும் மக்னீசியமும் சேர்ந்து வெள்ளை நரம்புகளாக இறுகின. வெட்டியெடுத்த கட்டியின் மேற்புறம் பல இடங்களில் காலிஃபிளவர் பூப்போலப் புடைத்திருக்கும். கட்டியின் எடையில் பாதிக்கும் மேல் கரியமில வாயுதான்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம் வட்டாரப் பாறைகள் பற்றிய ஆய்வை 1864இல் வெளியிட்டனர். இக்கரடுகளைப் பற்றித் தனியாக அதே துறையின் மிடில்மிஸ் எழுதியது 1896இல். அதே ஆண்டில்தான் ஸ்வீடனின் அர்ரேனியஸ், காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி உயரும் என்று கணக்கிட்டார். அவருக்கு முன்பே, இவ்வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடாவதை அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் 1856இல் காட்டியிருந்தார். அவர் பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டது பெரும் அநீதி. பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிரை இவ்வாயு உறிஞ்சுவதை இயற்பியலாளர் டிண்டல் 1859 முதல் அளந்து காட்டினார்.

வெள்ளைக்கல்லைச் சுட்டு எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்கிறார்கள். இத்தொழிலுக்காகத் தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் 1979இல் அமைந்தது. ஒரு டன் தூய கல்லைச் சூளையில் சுட்டால் 480 கிலோ மக்னீசியா மிஞ்சும். 520 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை இதில் சேராது. ஆனாலும் சூளைகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. 1987இல் மின்னுற்பத்தி தொடங்கி, 2013இல் மேலும் 600 மெகாவாட் சேர்ந்த மேட்டூர் அனல்மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியின் பங்கு மிகப் பெரிது.

ஹவாயின் மௌனா லோவாவில் அறிவியலாளர் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி அதிகம். அந்த ஏப்ரலில் சேலத்து வெயில் 40 டிகிரியைக் கடந்தது.

வெயில் ஏறினால் அடி நாமக்கல்லின் முட்டைக்கோழிகளுக்கு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. சூடு தாங்காமல் அலகைத் திறந்து வேகமாக மூச்சிரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டையோடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கார்பனேட்டுக்கு வேண்டியது அந்த வாயுவேதான். அது குறைய, ஓடு மெலிகிறது, ஓடில்லாத தோல்முட்டையும் விழுகிறது. தீவனம் எடுப்பதும் குறைவதால் கால்சியமும் போதாமல் போகிறது. பண்ணைகளில் கூரைமேல் தென்னங்கீற்று பரப்புகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். தீவனத்தில் சமையல் சோடா சேர்ப்பது இழந்த பைகார்பனேட்டை ஈடுகட்டத்தான்.

ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. கரியமில வாயு மிகுந்த காற்று நிலத்தின் சூட்டை எளிதில் வெளியே விடாததால் இரவுகளும் வெப்பமாகின்றன. பகலில் இரைத்த கோழிக்கு ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் கோடையில் தீவனத்தை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றி, ஓட்டுக்குக் கால்சியம் தரும் கிளிஞ்சலை மாலையில் கொடுக்கிறார்கள்.