முழு அளவும் குறைந்த அளவும்: ஊவாத் தோட்டங்களின் நோக்கில் சிறுவர் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சை வரலாறு

சிறுவர்க்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் கடிய நிணநீர்க்கல வெண்குருதிப் புற்றுநோய், என்பு மச்சையில் முதிராத வெண்குருதிக் கலங்கள் கட்டின்றிப் பெருகுவதால் உண்டாவது. இதன் சிகிச்சை வரலாற்றை மருந்துகளின் வரலாறாகவே எழுதுவது வழக்கம்; ஆனால் அதே மருந்துகள் எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளியில் உடலைச் சேர்ந்தன என்பதும் குழந்தைகளின் உயிரைத் தீர்மானித்திருக்கிறது. உடல் மேற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு வாரத்தில் சென்று சேரும் மருந்தின் மில்லிகிராம் அளவே மருந்துச் செறிவு எனப்படும். இவ்வளவை மருத்துவரின் பேனா மட்டும் நிர்ணயிப்பதில்லை என்பதற்கு இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்கள் தெளிவான சான்று.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுகூடத்தில் உருவாக்கிய அமினோப்டெரினை, பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். தணிவு சில மாதங்களே நீடித்தது. ஒரு குறித்த அளவு மருந்து புற்றுக்கலங்களின் குறித்த எண்ணிக்கையை அல்லாமல் குறித்த விகிதத்தையே அழிக்கிறது என்று ஹவார்ட் ஸ்கிப்பர் 1960களில் எலிகளில் காட்டியபோது இதன் காரணம் விளங்கியது. இலட்சம் கோடிக் கலங்களில் ஆயிரத்துக்கு 999 அழிந்தாலும் நூறு கோடி எஞ்சும். அவை மீளப் பெருகுமுன் அடுத்த மருந்து வந்து சேர வேண்டும்.

இக்கருத்தை நோயாளரிடம் நேராகச் சோதித்தவர் மெம்ஃபிஸ் நகரின் புனித யூத் சிறுவர் ஆய்வு மருத்துவமனையில் பணியாற்றிய டொனால்ட் பிங்கெல். நோய் தணிந்த குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முழு அளவும் மற்றவருக்கு அதே மருந்துகளின் அரை அளவும் கொடுத்த அவரது குழு, அரை அளவு பெற்ற குழந்தைகளிடம் நோய் விரைவில் திரும்பியதை 1971இல் அறிவித்தது. சிகிச்சையின் நச்சு விளைவுகளைத் தாங்க முடியாத குழந்தைக்கு மருந்தைக் குறைப்பது இரக்கமாகத் தோன்றினாலும், அந்தக் குறைப்புக்கும் ஒரு விலை உண்டென்பது அப்போதுதான் எண்களில் புலப்பட்டது. 1970களில் பெர்லினில் ஹான்ஸ்யோர்க் ரீம் தொடக்கச் சிகிச்சையை மேலும் கடுமையாக்கினார்; செல்வ நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர்.

தென்னாசியாவில் வழி வேறாக இருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்துடன் இணைந்து, வி. சாந்தா தலைமையிலான சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாட்டா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை 1984 முதல் ஒரே சிகிச்சை நெறியைப் பின்பற்றி, முன்பிருந்ததைவிட மிகச் சிறந்த பலனைப் பெற்றன. தொற்றைத் தடுக்கும் வசதியும் குருதி வழங்கலும் எவ்வளவு உள்ளனவோ அவ்வளவுக்கே கடுமையை உயர்த்த வேண்டும் என்னும் பிற்காலக் கொள்கைக்கு இவ்வனுபவம் வலுச் சேர்த்தது.

இலங்கையில் இச்சிகிச்சையின் முதன்மை மையம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. மருத்துவம் இலவசம். ஆயினும் கொழும்பிலிருந்து மகரகம வழியாக இரத்தினபுரி, பலாங்கொடை கடந்து பெரகலைக்கு ஏறி, அங்கிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளை செல்லும் பாதை 200 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. பசறை, நமுனுகுல, லுணுகலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து புறப்படும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் பேர் விழாத நாட்கள், அதாவது கூலியற்ற நாட்கள். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலையும் உடன் சேரும். சிகிச்சையோ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வது. அதில் பெரும்பகுதி, நாள்தோறும் விழுங்கும் மெர்கப்டோபியூரினும் வாரம் ஒருமுறை எடுக்கும் மெதோட்ரெக்சேட்டும் கொண்ட பேணற் சிகிச்சை. மாத்திரைகளில் 95 சதவீதத்துக்குக் குறைவாக உட்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் இடர் கணிசமாக அதிகம் என ஸ்மிதா பாட்டியாவின் குழு அமெரிக்காவில் 2012இல் கண்டறிந்தது. மாதத்தில் இரு நாட்கள் தவறினாலே அந்த எல்லை கடந்துவிடும். மாத்திரை தீர்ந்தபின் ஒரு வாரம் பிந்திய கிளினிக் பயணம், பிங்கெலின் அரை அளவைப் போலவே ஒரு மருந்துக் குறைப்பு. அதை எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை என்பதே வேறுபாடு.

ஊட்டமும் அளவைக் குறைக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றவர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 சதவீதம், தோட்டத்துறையில் 32. ஊட்டம் குன்றிய குழந்தைகளால் பேணற் சிகிச்சையின் முழு அளவைத் தாங்க முடியவில்லை என்பதை மெக்சிக்கோ ஆய்வாளர் 1989இலேயே எழுதினர். தென்னாசியரிடையேயும் காணப்படும் NUDT15 மரபணு வேறுபாடு உள்ளவருக்கோ மெர்கப்டோபியூரினைத் தொடக்கத்திலேயே குறைக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குக் குறைந்த அளவே முழு அளவு. எடை, மரபணு, குருதிக்கல எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துக் கணித்துக் குறைப்பதும், பஸ் கட்டணமின்மையால் குறைவதும் ஒன்றல்ல.

அளவைக் கூட்டுவதற்கும் தூரமே தடை. கூடிய அளவால் வெண்குருதிக் கலங்கள் வீழ்ந்திருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், வைத்தியசாலையை அடைந்த ஒரு மணிநேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி தொடங்கப்பட வேண்டும். மலைத்தோட்டத்தில் இரவில் வாகனம் கிடைப்பதிலேயே அதைவிட அதிக நேரம் கழியும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தங்குமிடமும் பயணச் செலவும் உணவும் சிகிச்சையின் பகுதியாக்கப்பட்டபின், நோய் திரும்பாது வாழ்ந்தோர் 32இலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தனர் என 2004இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே பேணற் சிகிச்சையின் குருதிப் பரிசோதனையையும் மாத்திரை வழங்கலையும் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதும், மலையடிவார வைத்தியசாலைகளில் காய்ச்சலுக்கான முதல் ஊசியை ஆயத்தமாக வைப்பதும், விதிக்கப்பட்ட அளவின் பக்கத்திலேயே உட்கொண்ட அளவையும் கிளினிக் புத்தகத்தில் வாரந்தோறும் பதிவதும் நலன்புரி வேலைகள் அல்ல, மருந்துச் செறிவைக் காக்கும் சிகிச்சை வேலைகளே.