சூப்பிப் போத்தலும் பிஸ்டன் றிங்கும்

எங்கட கூட்டத்தில் ஒருத்தனிடம் ஒரு ஹொண்டா சி 70 இருக்கிறது. அவன்ர அப்பப்பா வாங்கியது. அது ஓடும், ஆனால் பின்னால் வருகிறவருக்கு வீதி தெரியாத அளவுக்குப் புகை தள்ளும். கம்பஸ் வாசலில் நிற்கிற பொடியள் "நுளம்புக்குப் புகையடிக்க வந்திட்டினம்" என்று பகிடி பண்ணுவார்கள். போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அதைத் திருத்துவது என்று முடிவெடுத்தோம். நாலு பேரும் கலைப்பீடம். பிஸ்டன் எது, வால்வ் எது என்று கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்போம்.

முதல் போன கராஜில் மோட்டார்சைக்கிளை ஸ்டாண்டில் விடக்கூட விடவில்லை. "இதுக்குச் சாமான் இல்லைத் தம்பி. பழைய இரும்புக்குக் குடுத்திட்டு லீசிங்கில ஒண்டு எடுங்கோ." இரண்டாவது இடத்திலும் கிட்டத்தட்ட அதே பதில்தான். மூன்றாவதாகக் கோண்டாவில் பக்கம் ஒரு ஐயாவிடம் போனோம். அவர் சைலன்சருக்குள் விரலை விட்டு, விரலைப் பார்த்து, மணந்தும் பார்த்துவிட்டு, "றிங் போட்டுது, போரும் தேஞ்சிட்டுது, ஆனா ஆள் நல்ல ஆள்" என்றார்.

பழைய மோட்டார்சைக்கிளுக்குச் சாமான் இல்லை என்பது முழு உண்மை இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். சி 70இன் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீற்றர். தேய்ந்துபோனால் லேத்தில் கொடுத்துக் கடைந்து, 0.25, 0.50 என்று 1.00 மில்லிமீற்றர் வரை பெரிய பிஸ்டன் போட்டுக்கொண்டு போகலாம். அதே 47 மில்லிமீற்றர் எஞ்சினைத்தான் பாகிஸ்தானில் சி.டி. 70 என்ற பெயரில் பல காலமாகச் செய்கிறார்கள். சீனாவிலும் அதைப் பார்த்துச் செய்த எஞ்சின்களுக்குக் கணக்கில்லை. 1958இல் தொடங்கிய சூப்பர் கப் வரிசையில் மட்டும் 2017க்குள் 10 கோடி வண்டி செய்துவிட்டார்கள். எஞ்சினுக்குள் இருக்கிற சாமான் உலகத்தில் எங்கேயாவது கிடைக்கும். வெளியில் இருக்கிறதுதான் பிரச்சினை. கால்மறைப்பு, பக்க மூடி, ஸ்பீட் மீற்றர், 6 வோல்ற் பற்றரி இதுகளுக்கெல்லாம் இன்னொரு செத்த வண்டியைத் தேடவேண்டும்.

செத்த வண்டியிலிருந்து உயிருள்ள வண்டிக்கு. யாழ்ப்பாணத்து மோட்டார்சைக்கிளின் வரலாற்றில் பாதி இதுதான்.

1970களின் முற்பாதியில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது, வெங்காயமும் மிளகாயும் நட்ட குடாநாட்டுத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை விழுந்தது, ஆனால் அதே கதவால் யப்பான் மோட்டார்சைக்கிள்களும் வந்தன. ஹொண்டா 50, 70, 90, சாலி, யப்பான் தபால்காரர் ஓடின எம்.டி. 90. அப்பப்பாவின் வண்டியும் அந்த அலையில் வந்ததுதான்.

1990 யூனில் திரும்பவும் சண்டை தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் வரக்கூடாது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. அந்த மண்ணெண்ணெயில்தான் சனம் ஒஸ்ரின் ஏ 40 கார்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஓட்டியது.

எங்கட வீடுகளில் இந்தக் கதை நூறு தரம் சொல்லப்பட்டிருக்கிறது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது, பத்தாது. அதனால் குழந்தையின் சூப்பி மாதிரி ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதைக் காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சுட்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வழியில் நின்றுவிட்டால் திரும்பவும் சூப்பி. சட்டைப் பையில் சூப்பி இல்லாமல் வெளிக்கிட்ட மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கதையும் உண்டு. ஹொண்டா 50, 70 மாதிரி மக்னட்டில் பொறி எடுக்கிற வண்டிகளுக்குப் பற்றரி இல்லாதது பெரிய இடைஞ்சலாக இருக்கவில்லை. லைற் மட்டும் எஞ்சின் உறுமினால் வெளிக்கும், அடங்கினால் மங்கும்.

ஐயா இந்தக் கதையை வேறு பக்கத்திலிருந்து சொன்னார். "ஓடினது எண்டு எல்லாரும் சொல்லுவினம். எவ்வளத்தைத் திண்டது எண்டு ஒருத்தரும் சொல்லாயினம்." மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கரி பிடிக்கும். எரியாத மிச்சம் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் தண்ணியானால் போர் தேயும், றிங் தேயும். ஹெட்டைக் கழட்டிக் கரி சுரண்டுவதும் வால்வ் தேய்ப்பதும்தான் அவருக்கு அந்த வருசங்களில் கிழமைநாள் வேலை. வண்டி ஓட ஓடச் சாமான் தேவை கூடியது. சாமான் வருகிற பாதையோ கொம்படி, ஊரியான் வெள்ளத்துக்குள்ளாலும், பிறகு கிளாலிக் கடலாலும் இருந்தது. தாண்டிக்குளத்தில் ஆமி எதைப் பறிக்கும், எதை விடும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.

அப்படியென்றால் 1990க்கும் 95க்கும் இடையில் போட்ட றிங்குகள் எங்கேயிருந்து வந்தன? நாங்கள் வரலாறு படிக்கிற ஆக்கள். சூப்பிக் கதையை நூறு தரம் கேட்டும் இந்தக் கேள்வியை ஒருதரமும் கேட்டதில்லை.

ஐயா உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின் எடுத்துவந்தார். ஒயில் கடதாசியில் சுற்றின ஒரு செற் றிங், 0.50 அளவு. "இது உங்கட வண்டிக்குச் சரிவரும். போரை 0.50க்குக் கடைஞ்சுகொண்டு வாங்கோ." எங்கே வாங்கியது என்று கேட்டோம்.

"ஐஞ்சு சந்திப் பக்கம் ஒரு நானாட்ட. தொண்ணூறு ஒக்ரோபர். மாச முடிவில காசு தாறன் எண்டு கடனுக்கு எடுத்தது."

1990 ஒக்ரோபர் மாதத்தின் முடிவு என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்துக்குள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். காசு, நகை, கடை, வீடு எல்லாம் இங்கேயே நின்றுவிட்டன. விட்டுப்போனவை எடுக்கப்பட்டன, விற்கவும் பட்டன. யாழ்ப்பாண முஸ்லிம்களில் பலர் இரும்புக்கடை, பழைய இரும்பு, லொறித் தொழில் செய்தவர்கள். ஊரில் ஒரு நட்டோ ஒரு பழைய எஞ்சினோ தேடுகிறவன் முதலில் போகிற கதவுகளில் அவர்களுடைய கதவும் ஒன்று. தடையால் சாமான் வராத அதே வருசத்தில், சாமான் எங்கே கிடக்கும் என்று தெரிந்த ஆட்களையும் ஊர் இழந்தது. முதலாவதைச் செய்தது கொழும்பு. இரண்டாவது எங்கட பெயரால் நடந்தது.

எங்கட வீட்டுச் சூப்பிக் கதைகளில் கொழும்பு மட்டும்தான் வருகிறது. சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. கஷ்டப்பட்டது உண்மை, கெட்டித்தனமும் உண்மை. ஆனால் கெட்டித்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சாமானைப் பற்றிப் பேசவேண்டி வராது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று, கியூ.ஆர். கோட்டில் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களிலும் பெரியவர்கள் அதே கதையைத்தான் எடுத்தார்கள், "நாங்கள் மண்ணெண்ணெயில ஓடினனாங்கள்" என்று. (அந்த ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறினதோடு அந்தப் பேச்சு கொஞ்சம் குறைந்தது.)

துரத்தப்பட்ட அதே திகதியில், சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்டது. சி 70ஐக் கொண்டுபோக முடியவில்லை. அப்பப்பா காபரேற்றரை மட்டும் கழட்டிச் சாரத்தில் முடிந்துகொண்டு போனாராம். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வண்டி கோடிக்குள் அப்படியே நின்றது, இரண்டு சில்லும் பக்க மூடிகளும் இல்லை. ஆரோ தன்ர வண்டிக்குக் கழட்டியிருக்க வேண்டும். எங்கட சாமானும் இன்னொருத்தர் வண்டியில் ஓடியிருக்கும்.

லேத்தில் போர் கடைந்து கொண்டுவந்து கொடுத்தோம். பிஸ்டன் கடையில் கிடைத்தது, பாகிஸ்தான் சாமான். ஐயா இரண்டு நாள் எடுத்தார். பூட்டும்போது அவரிடம் நானாவைப் பற்றிக் கேட்டோம். புத்தளத்தில் இருந்ததாகக் கேள்விப்பட்டாராம். 2002இல் பாதை திறந்தபோது ஐந்து சந்திப் பக்கம் போய்ப் பார்த்தாராம். வீடு கூரை இல்லாமல் இருந்ததாம், ஆள் வரவில்லையாம். பிறகும் ஒருக்கால் விசாரித்திருக்கிறார்.

வண்டி மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. கணக்குப் பார்த்தபோது ஐயா கூலியையும் காஸ்கற்றுக்கும் ஒயிலுக்கும் ஆன காசையும் மட்டும் எழுதினார். றிங்கை விட்டுவிட்டீர்கள் என்று சொன்னோம்.

"அதுக்கு நான் இன்னும் காசு குடுக்கேல்லத் தம்பி. பிறகெப்பிடி உங்களிட்ட வாங்கிறது?"