வணிகமும் சமுதாயமும்: பினாங்கில் முதுநிலைக் கல்வி

வணிகமும் சமுதாயமும் என்பது, நிறுவனம் ஈட்டும் இலாபத்தோடு, தொழிலாளர், பயனீட்டாளர், சுற்றுச்சூழல் மீது அதற்குள்ள பொறுப்பையும் ஆராயும் மேலாண்மைப் படிப்பு. பினாங்கில் 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு வணிகப் பள்ளி முதுநிலை, முனைவர் பட்டங்கள் வழங்குகிறது.

ஆய்வுக்களம் வாசலிலேயே இருக்கிறது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலத்தில் மின்னணு ஆலைகள் வந்தன. கிராமத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் உற்பத்தி வரிசைக்குச் சென்றனர். அவர்களின் ஊதியம், இரவுமுறை வேலை, விடுதி வாழ்க்கை ஆகியவை ஆய்வாளர்களை ஈர்த்தன. பயனீட்டாளர் பக்கத்தில், வணிகத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறையும்வரை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தலைமையேற்று நடத்தினார். அவர் பணி தனி ஆய்வுக்கே உரியது.

மலேசியப் பங்குச் சந்தை, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்பு விவரத்தை 2007 முதல் கட்டாயமாக்கியது. அறிக்கையைப் படிப்பது மட்டும் போதாது. ஆலைத் தொழிலாளியிடம் நேரில் கேட்டெழுதும் ஆய்வே இத்துறைக்கு வலுச் சேர்க்கும்.