பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மக்கள் விரும்பிப் பார்த்த குடும்ப நகைச்சுவைத் தொடர் முடிந்து இருபது முப்பது ஆண்டுகள் போனபின், பிழைத்திருக்கும் நடிகர்களை எல்லாம் கூட்டிவந்து, அதே சோபாவில், அதே மாடிப்படிக்கு முன்னால் மறுபடி உட்காரவைப்பார்கள். பழைய நினைவுக்குப் போடும் தீனி என்று விமர்சகர்கள் இவற்றை ஒதுக்கிவிடுவது வாடிக்கை. ஆனால் 1981 தொடங்கி 2025 வரை வந்த இத்தகைய தொடர்ச்சிகளில் முக்கியமான சிலவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. பிள்ளைகள் வளர்வார்கள், படிப்பார்கள், வேலைக்குப் போவார்கள், தங்களுக்கென்று ஒரு வீடு வாங்கிக்கொண்டு போவார்கள் என்பது மூலத் தொடர்கள் சொல்லாமல் சொன்ன வாக்கு. அந்த வாக்கு எப்படியெல்லாம் பொய்த்தது என்பதை இந்தத் தொடர்ச்சிகள்தான் பதிவு செய்து வைத்திருக்கின்றன. சிரிக்கவைக்க வந்தவை, தம்மை அறியாமலே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன.

முதல் சாட்சி ‘லீவ் இட் டு பீவர்’. 1957 முதல் 1963 வரை 234 பகுதிகள் ஓடிய இந்தக் கறுப்பு வெள்ளைத் தொடரில் மேஃபீல்டு என்ற கற்பனை ஊர், சம்பாதிக்கும் அப்பா வார்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஜூன், வாலி, பீவர் என்று இரண்டு பையன்கள். ஒவ்வொரு வாரமும் பையன் ஒரு தப்புச் செய்வான், அப்பா புத்தி சொல்வார், பிரச்சினை தீரும். போருக்குப் பிந்தைய அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் இலட்சியப் படமாக இன்றுவரை எடுத்துக்காட்டப்படுவது இதுதான். இருபது ஆண்டுகள் கழித்து, 1983 மார்ச்சில் ‘ஸ்டில் தி பீவர்’ என்ற தொலைக்காட்சிப் படம் வந்தது. பீவர் இப்போது முப்பதைத் தாண்டியவன். வேலை போய்விட்டது, மணவாழ்க்கை முறிந்துவிட்டது, இரண்டு மகன்களோடு அம்மா வீட்டுக்கே வந்து சேர்கிறான். புத்தி சொல்ல அப்பா இல்லை. பழைய தொடரின் துண்டுகளை நடுநடுவே ஓட்டி, அப்பா அன்று சொன்னதை அவன் நினைத்துப் பார்ப்பதாகக் காட்டினார்கள். அன்றைய அறிவுரை இன்றைய சிக்கல் எதற்கும் உதவவில்லை என்பது படத்தின் நகைச்சுவைக்கு அடியில் ஓடும் சோகம். அந்தப் படம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1982 இறுதியில், அமெரிக்காவில் வேலையின்மை 10.8 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. மணமுறிவு விகிதமும் உச்சத்தில் இருந்த காலம் அது. அப்படியே தொடராக நீட்டப்பட்ட இந்தக் கதை 1989 வரை ஓடியது.

அதே காலத்தில் ‘பிரேடி பன்ச்’ குடும்பமும் திரும்பி வந்தது. 1981இல் வந்த தொடர்ச்சியில் மார்சியா, ஜேன் என்ற இரு சகோதரிகளும் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு ஜோடியும் சேர்ந்து ஒரே வீட்டை வாங்கிக் குடியேறுகிறார்கள். ஒரு கூரைக்குள் இரண்டு குடித்தனம் என்றால் சண்டையும் சமாதானமுமாகச் சிரிப்பு வரும் என்பது கதாசிரியர்களின் கணக்கு. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டியது. 1990இல் ‘தி பிரேடிஸ்’ என்று மறுபடி வந்தபோது, வண்டிப் பந்தய விபத்தில் இளைய மகன் பாபி நடக்க முடியாதவனாகிறான்; மார்சியா குடிப்பழக்கத்தில் விழுகிறாள். பார்வையாளர்கள் இதைத் தாங்கவில்லை, ஆறே பகுதிகளில் தொடர் நின்றது. துயரத்தை வெளிப்படையாகச் சொன்னால் ஓடாது என்று தயாரிப்பாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அதன்பின் வந்தவை துயரத்தைக் கதையின் அஸ்திவாரத்தில் புதைத்துவிட்டு மேலே சிரிப்பைக் கட்டின.

அப்படிக் கட்டியதில் பேர் வாங்கியது ‘ஃபுல்லர் ஹவுஸ்’. மூலமான ‘ஃபுல் ஹவுஸ்’ 1987இல் தொடங்கியபோதே அதில் ஒரு சாவு இருந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனால் அம்மா இறந்துபோக, மூன்று மகள்களை வளர்க்க அப்பாவுக்குத் துணையாக மைத்துனரும் நண்பரும் சான் பிரான்சிஸ்கோ வீட்டுக்குக் குடிவருகிறார்கள். 2016இல் நெட்ஃபிளிக்ஸ் கொண்டுவந்த தொடர்ச்சியில் மூத்த மகள் டி.ஜே. விதவை. தீயணைப்பு வீரரான கணவர் ஃபுல்லர், கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். தலைப்புக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டியிருந்தது, வீட்டுக்கு ஒரு வெற்றிடம் வேண்டியிருந்தது. அந்த மனிதர் இரண்டையும் தந்துவிட்டுப் போனார். டி.ஜே.க்கு மூன்று மகன்கள். துணைக்குத் தங்கையும் தோழியும். அப்பாவுக்கு நேர்ந்தது மகளுக்கும் அச்சுப் பிசகாமல் நேர்ந்திருக்கிறது என்பதைத் தொடரில் யாரும் நின்று யோசிப்பதில்லை. முதல் பகுதியின் திருப்பம் இன்னும் கவனிக்க வேண்டியது. அப்பா வீட்டை விற்பதாக இருக்கிறார். மகள் கைக்குழந்தையிடம் அழுது புலம்புவது காதில் விழவும் விற்கும் எண்ணத்தைக் கைவிட்டு, வீட்டை அவளிடமே விட்டுச் செல்கிறார். 1987இல் ஒரு தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியாளர் சம்பளத்தில் வைத்திருந்ததாகக் காட்டப்பட்ட வீடு, 2016இல் கால்நடை மருத்துவரான மகளின் கைக்கு அப்பாவின் கருணையால் மட்டுமே வருகிறது. அந்த வீட்டின் முகப்பாகத் திரையில் தெரிந்த பிராடரிக் தெரு வீட்டைத் தொடரை உருவாக்கிய ஜெஃப் பிராங்க்ளின் அதே ஆண்டு வாங்கினார். விலை ஏறக்குறைய 40 லட்சம் டாலர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் தயாரிப்புச் சிக்கனம், இதில் சமூக வரலாறு எங்கே வந்தது? பழைய செட்டைப் போட்டால்தான் பழைய பார்வையாளர் வருவார். எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தால்தான் கதை நகரும். வார்டாக நடித்த ஹியூ போமான்ட் 1982இல் இறந்துவிட்டதால்தான் பீவரின் அப்பா இறந்தார். உண்மைதான். ஆனால் செட் ஏன் வேண்டும் என்பது ஒரு கேள்வி. வளர்ந்த பிள்ளைகள் அந்த செட்டுக்குள் ஏன் இருக்கிறார்கள் என்று பார்வையாளரை நம்பவைப்பது வேறு கேள்வி. பண்டிகைக்கு வந்தார்கள் என்று சொல்லலாம், பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்றும் சொல்லலாம். 1983இல் மணமுறிவும் வேலையிழப்பும், 2016இல் இளம் விதவையின் கையறுநிலையும்தான் விளக்கமே தேவைப்படாத காரணங்களாகத் தோன்றின. எது சொன்னால் ஊர் உடனே நம்பும் என்று கதாசிரியர் தேர்ந்தெடுக்கிறாரோ, அதுதான் அந்தக் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இதை ‘ரோசான்’ போலத் துலக்கமாக நிறுவும் தொடர் வேறில்லை. இல்லினாயில் லான்ஃபோர்டு என்ற கற்பனை ஊரில் வாழும் கானர் என்ற உழைக்கும் குடும்பத்தின் கதை. 1988 முதல் 1997 வரை ஓடி, 2018 மார்ச்சில் திரும்பியது. முதல் பகுதியிலேயே மகள் டார்லீன் வேலையிழந்து பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறாள். மூத்தவள் பெக்கி வயதைக் குறைத்துச் சொல்லி 50,000 டாலருக்கு வாடகைத் தாயாகத் தயாராகிறாள். காப்பீடு கைவிட்டதால் கணவனும் மனைவியும் மாத்திரைகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். மே மாதம், குடும்பத் தலைவி ரோசானாக நடித்த ரோசான் பார் வெளியிட்ட இனவெறி ட்வீட்டால் தொடர் ரத்தானது. அக்டோபரில் அவரில்லாமல் ‘தி கானர்ஸ்’ தொடங்கியபோது ரோசான் இறந்துவிட்டதாகக் கதை. வேலையைவிட்டு நீக்கிய நடிகையைக் கொல்ல எழுத்தாளர்களுக்கு மாரடைப்பே போதும். கதைக்குள் குடும்பமும் முதலில் அதைத்தான் நம்புகிறது. பிரேதப் பரிசோதனையில்தான் தெரிகிறது, முழங்கால் அறுவை சிகிச்சைக்குப்பின் விழுங்கிய வலி மாத்திரை அளவு மிஞ்சிவிட்டது என்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2017இல், அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகளால் இறந்தவர்கள் 47,000 பேருக்கு மேல். மாத்திரையைப் பங்கு போட்ட காட்சிக்குச் சிரித்தவர்கள், தாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தவர்களைப் போலவே வராதவர்களும் இந்தச் சாட்சியில் சேர்த்தி. ‘ஃபுல் ஹவுஸி’ன் கடைக்குட்டி மிஷெலாக நடித்த ஓல்சன் இரட்டையர் வர மறுத்ததால், அவள் நியூயார்க்கில் ஆடை வணிகத்தில் கொடிகட்டிப் பறக்கிறாள் என்று ஒரே வசனத்தில் முடித்தார்கள். ரோசானின் கடைசி மகன் ஜெரி மீன்பிடிப் படகில் எங்கோ இருக்கிறான். தங்கை ஜாக்கியின் மகன் ஆண்டி பிறந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. ஒப்பந்தச் சிக்கல், கதை வசதி என்று இவற்றுக்குக் காரணம் சொல்லலாம். விளைவு ஒன்றுதான்: வெளியே போய்ப் பிழைத்துக்கொண்ட பிள்ளைக்குத் தொடர்ச்சியில் இடமில்லை. அந்த வீடு தோற்றவர்களை மட்டும் ஏற்றுக்கொள்கிறது.

பெற்றோர் வீட்டில் வாழ்வதைத் தோல்வி என்பானேன், கூட்டுக் குடும்பம் நமக்குப் புதிதா என்று தமிழ் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கல்யாணமாகிப் போன மகள் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்றால் தெருவே என்ன பேசும் என்பதும் நமக்குப் புதிதில்லை. கூட்டாக வாழ முடிவெடுப்பது ஒன்று, வேறு போக்கிடமின்றி வந்து சேர்வது வேறு. இந்தத் தொடர்கள் இரண்டாவதைக் காட்டிவிட்டு அதற்கு முதலாவதன் பெயரைச் சூட்டுகின்றன. 2020 ஜூன் மாதம் ‘ஃபுல்லர் ஹவுஸ்’ மூன்று பெண்களுக்கும் ஒரே நாளில் கல்யாணம் செய்துவைத்து, அதற்குப் பிறகும் எல்லாரும் அதே வீட்டில் இருக்கப்போவதாக மகிழ்ச்சியோடு முடிந்தது. அடுத்த மாதம், பெருந்தொற்று நடுவே பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், 18 முதல் 29 வயது வரையிலான அமெரிக்கர்களில் 52 விழுக்காட்டினர் பெற்றோருடன் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

‘தி கானர்ஸ்’ 2025 ஏப்ரல் 23 அன்று முடிந்தது. மனைவியின் சாவுக்காக மருந்து நிறுவனத்தின்மேல் ரோசானின் கணவர் டான் தொடுத்த வழக்கில் அவர் கைக்கு வந்த இழப்பீடு 700 டாலர்.