குறிப்பேடு முந்தி, பேரேடு பிந்தி



மன்னர்களின் படையெடுப்பும் மகுடங்களின் மாற்றமும் மட்டுமே வரலாறு ஆகா. எழுதி வைத்த செய்தி அழிந்துபோகாமல் காப்பதற்கு மனிதன் செய்துவந்த முயற்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் அண்மைக்கால அத்தியாயம் ஒன்றையே இங்குச் சொல்ல விரும்புகிறேன். பல கணிப்பொறிகளை ஒரு கூட்டமாக இணைத்து, ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று அதன் பணியை ஏற்றுக்கொள்ளுமாறு அமைப்பதைக் 'கிளஸ்டர்' என்று வழங்குகிறார்கள். அவ்வமைப்பில், ஒரே செய்தியை இரண்டு ஊர்களில் ஒருங்கே எழுதி வைக்கத் துணைபுரியும் 'லாக்' என்னும் குறிப்பேடே நம் பேச்சின் பொருள்.

ஒரு பதிவுக்கு ஒரே படிதான் உண்டு என்றால் என்ன நேரும்? அமெரிக்க நாட்டில் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்து, படைவீரர்களின் பணிப் பதிவுகளைக் காக்கும் காப்பகம் ஒன்று இருந்தது. 1973 ஜூலை 12 அன்று அங்கே தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு மறுபடிகள் இல்லை. நுண்படச் சுருள்களும் இல்லை. உலகப் போர்களில் உயிரைப் பணயம் வைத்துப் போராடியவர்கள், தாம் படையில் இருந்தோம் என்பதையே வேறு சான்றுகளைத் தேடி மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. எரிந்தது காகிதம், அல்லலுற்றது மனிதன்.

அப்படியானால் இரண்டு படிகள் வைத்துக்கொண்டால் போதாதா எனக் கேட்பீர்கள். போதாது. மாலையில் மறுபடி எடுக்கிறோம், நண்பகலில் தீப்பற்றுகிறது. அன்று காலை எழுதிய வரிகளின் கதி என்ன? எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டால், பாதி எழுதிய வரியை நம்புவதா, தள்ளுவதா? ஆகவே, எத்தனை படிகள் என்பதைவிட, எதை எப்போது எழுதுகிறோம் என்பதே பெரிய வினா.

இவ்வினாவுக்கு வணிகர்கள் முன்னரே ஒரு விடை கண்டிருந்தார்கள். 1494-ல் வெனிஸ் நகரில் வெளியான தம் கணித நூலில் லூக்கா பாச்சோலி என்னும் துறவி, வணிகர் வைத்துக்கொள்ள வேண்டிய மூன்று ஏடுகளை விளக்கினார். நடந்ததை நடந்தவுடன் எழுதுவது முதல் ஏடு. அதை முறைப்படுத்துவது குறிப்பேடு. ஆளுக்கு ஆள் கணக்கைப் பிரித்துக் காட்டுவது பேரேடு. நம் நாட்டு வணிகர்களும் முதலில் சிட்டாவில் எழுதி, பின்னரே பேரேட்டில் ஏற்றினார்கள். பேரேடு பாழானாலும் குறிப்பேட்டைக் கொண்டு அதை மீண்டும் எழுதிவிடலாம் அன்றோ?

இந்தப் பழைய ஒழுங்கே கணிப்பொறிக்குள்ளும் புகுந்தது. ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு 500 ரூபாய் மாற்ற வேண்டும் என வைத்துக்கொள்வோம். முதற்கணக்கில் கழித்தாயிற்று, இரண்டாவதில் கூட்டுமுன் மின்சாரம் நின்றுவிட்டது. பணம் எங்கே போயிற்று? அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, 1978-ல் வெளிவந்த தம் குறிப்புகளில் இதற்குரிய விதியைத் தெளிவாக வகுத்துரைத்தார். பேரேட்டைத் திருத்துமுன், என்ன திருத்தப்போகிறோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் நிலைபெற்ற பின்னரே பேரேட்டைத் தொட வேண்டும் என்பதே அவ்விதி. மின்சாரம் திரும்பியதும் பொறி தன் குறிப்பேட்டைப் படிக்கும், முடிந்த செயலை நிலைநாட்டும், முடியாததை நீக்கும்.

இம்மீட்பு முறையை 1992-ல் 'ஏரீஸ்' என்ற பெயரில் விரிவாக வகுத்துக் கொடுத்தவர் சி. மோகன் என்னும் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் ஆவர். அவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் பொறியியல் பயின்று, 1977-ல் பட்டம் பெற்றவர் என்பதை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியே.

குறிப்பேடு ஒரு பொறியின் நினைவைக் காத்தது. பொறியே வீழ்ந்தால்? 1974-ல் தோன்றிய டேண்டம் நிறுவனம், ஓர் உறுப்புப் பழுதானாலும் நில்லாது இயங்கும் கணிப்பொறியை 1976-ல் அளித்தது. 1983-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ் பொறிகளைக் கிளஸ்டராக இணைத்தது. 1997-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. பொறிகளுக்கு அவ்வசதியை அளித்தது. ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. அங்கே இரு பொறிகளும் ஒரே வட்டையே பகிர்ந்துகொண்டன. எழுத்தர் இருவர், ஏடு ஒன்று. ஏடு எரிந்தால் எழுத்தர் இருவர் இருந்தும் பயன் என்ன?

வட்டுப் பெட்டிகளே தொலைவிலுள்ள வேறு பெட்டிகளுக்குப் படி அனுப்பும் முறையை இ.எம்.சி. நிறுவனம் 1994-ல் கொணர்ந்தது. 2016-ஆம் ஆண்டின் விண்டோஸ் சர்வர், 'ஸ்டோரேஜ் ரெப்ளிகா' என்ற பெயரில் அப்பணியைத் தன்னுள்ளேயே ஏற்றது. அங்கேதான் நம் குறிப்பேடு மீண்டும் தலைகாட்டுகிறது. இரண்டு ஊர்கள், ஊருக்கு இரண்டு வட்டுப் பகுதிகள். ஒன்று பேரேடு போன்ற தரவுப் பகுதி. மற்றொன்று குறிப்பேடாகிய லாக் பகுதி. ஆக மொத்தம் நான்கு.

ஒரு செய்தி வந்ததும் முதல் ஊர்ப் பொறி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதுகிறது. இரண்டாம் ஊருக்கும் அனுப்புகிறது. அவ்வூர்ப் பொறி தன் குறிப்பேட்டில் எழுதி, 'எழுதிவிட்டேன்' என விடை விடுக்கிறது. அதன் பின்னரே, கேட்டவருக்கு 'ஆயிற்று' என்னும் சொல் கூறப்படுகிறது. இரு பேரேடுகளிலும் செய்தி ஏறுவது சற்றுப் பிந்தியே. இதுவே உடனிகழ் முறை. இதற்குக் காலம் பிடிக்கும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 500 கிலோமீட்டர் போய்த் திரும்ப, ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அவற்றுள் 5 பங்கு ஆகும். அந்த 5 பங்குக்குள் போய்வரும் தொலைவே இம்முறைக்கு ஏற்றது. அதற்கும் அப்பால் என்றால், விடைக்குக் காத்திராத முறையைக் கைக்கொள்ளலாம். ஆனால் முதல் ஊர் திடீரென அழிந்தால் கடைசிச் சில வரிகள் அதனுடனேயே போய்விடும்.

ஒவ்வோர் எழுத்தும் குறிப்பேட்டின் வழியாகவே செல்வதால், அதை அமைப்பதில் சில நெறிகள் உண்டு. லாக் பகுதிகள் இரண்டும் அளவில் ஒத்திருக்க வேண்டும். தரவுப் பகுதிகளும் அவ்வாறே. வட்டுகளை 'ஜி.பி.டி.' முறையில் பிரித்திருக்க வேண்டும். குறிப்பேட்டுக்கு விரைந்து எழுதும் ஃபிளாஷ் வட்டே தகும். அது மந்தமானால் அனைத்தும் மந்தமாகும். அதில் வேறு எந்தப் பணிக்கும் இடம் தரலாகாது. குறிப்பேட்டின் இயல்பான அளவு 8 கிகாபைட். எழுத்து மிகுதியாயின் கூட்டிக்கொள்ளலாம். ஊர்களுக்கிடையே தொடர்பு நெடுநேரம் அறுந்திருப்பின், பெரிய குறிப்பேடு அவ்விடைவெளியைத் தாங்கும். சிறியது விரைவில் நிரம்பிவிடும். இவை யாவும் பொருந்துகின்றனவா எனச் சோதித்துச் சொல்லும் கட்டளையும் அதிலேயே உண்டு. இரு ஊர்களும் ஒன்றையொன்று காணாத வேளையில் 'நானே தலைவன்' என இரண்டும் எழுந்துவிடாதிருக்க, மூன்றாவது இடத்தில் 'சாட்சி' ஒன்றும் வைக்கப்படுகிறது.

இத்தனை நெறிகள் எதற்கு எனச் சலித்துக்கொள்ளாதீர்கள். டேண்டம் நிறுவனத்துக்குப் பின்னர்ச் சென்ற ஜிம் கிரே, கணிப்பொறிகள் ஏன் நிற்கின்றன என 1985-ல் ஆராய்ந்தார். அவர் ஆராய்ந்த பழுதுகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 42, பொறியை நிருவகிப்பதில் நேர்ந்தவை. வன்பொருளால் நேர்ந்தவை அதனினும் மிகக் குறைவு. இரும்பு ஏமாற்றுவதைக் காட்டிலும் கவனக்குறைவு ஏமாற்றுவதே மிகுதி.

உங்களுள் சிலர் நாளை இத்தகைய பொறிகளுக்குப் பொறுப்பேற்பீர்கள். விரைவை நாடி விடைக்குக் காத்திராத முறையை மேற்கொள்ளலாமா என்னும் வினா உங்கள் முன் நிற்கும். அப்போது எண்களை மட்டும் பாராதீர்கள். 'ஆயிற்று' என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பும் மனிதரை எண்ணிப் பாருங்கள். இழந்தாலும் தாங்கக்கூடிய வரி எது, இழக்கவே கூடாத வரி எது என முதலில் பிரித்தறியுங்கள். பிந்தியதற்கு இரண்டு ஊர்களிலும் எழுதி முடித்த பிறகே 'ஆயிற்று' என்று சொல்லுங்கள். வாக்குக் கொடுப்பது எளிது. கொடுக்குமுன் அதைக் காப்பதற்கு வழிசெய்து வைப்பதே பொறுப்பு.